ஓடி ஓடி எடை கூடிய கோல்கீப்பர்

அந்த மைதானத்தில் தண்ணீர் குடிப்பது குற்றம். அந்தச் சட்டம் எந்தப் புத்தகத்திலும் இல்லை, கோச்சின் வாயில் இருந்தது. "பிராக்டிஸ் நடுவுல தண்ணி குடிச்சா வயிறு குலுங்கும். வயிறு குலுங்கினா கால் கனக்கும். கால் கனத்தா பந்து எதிராளிக்குப் போகும்" என்பது அவருடைய வேதம். அவர் விசில் ஊதினால் இரண்டு தெரு தள்ளிப் போகிற பேருந்து நின்றுவிடும். ஓட்டுநர் இறங்கி, நாம் என்ன தப்புச் செய்தோம் என்று தலையைச் சொறிவார். நம்பாதவர்கள் அந்த ஓட்டுநரையே கேட்டுக்கொள்ளலாம்.

இப்பேர்ப்பட்டவர் முன்னால் போய் நின்று, "சார், பசங்களுக்குத் தண்ணி குடுக்கணும்" என்று சொல்ல ஒருத்தி வந்தாள். ஆள் ஒரு பிடி. இடுப்பில் கைக்குழந்தை மாதிரி ஒரு எடை இயந்திரம். விளையாட்டு ஊட்டச்சத்துப் படிப்பின் கடைசி ஆண்டு அவளுக்கு. யார், எப்போது, எதை, எவ்வளவு தின்றால் எவ்வளவு தூரம் ஓடலாம் என்று கணக்குப் போடுகிற படிப்பு. கல்லூரி அவளை இந்தக் கால்பந்து அணியிடம் செய்முறைப் பயிற்சிக்கு அனுப்பியிருந்தது. முதல் நாளே கோல்கீப்பர் அவளுக்குத் 'தராசு' என்று பெயர் வைத்தான். மறுநாள் அவளுடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருந்தால் அவளே திரும்பிப் பார்த்திருக்க மாட்டாள்.

இவளுடைய அப்பா பேக்கரிக்காரர். மைதானத்துக் கம்பி வேலியும் அவருடைய அடுப்படியின் பின்வாசலும் முதுகோடு முதுகு உரசிக்கொண்டிருக்கும். பன் வேகிற நேரத்தில் காற்று இந்தப் பக்கம் திரும்பினால், கார்னர் கிக் அடிக்க வந்தவன் பந்தை மறந்து மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்பான். மகளுடைய படிப்பு அந்த மனுஷருக்குப் பச்சைத் துரோகமாகப் பட்டது.

"ஊரையே சாப்பிட வைக்கிறவன் நான். சாப்பிடாதேன்னு சொல்றதுக்கு நீ நாலு வருஷம் படிக்கிறியா?"

"சாப்பிடாதேன்னு சொல்ற படிப்பு இல்லப்பா. எதை எப்ப சாப்பிடணும்னு சொல்ற படிப்பு."

"அதைத்தான் உங்கம்மா கல்யாணமான நாள்லேருந்து சொல்லிட்டிருக்கா. அவளுக்கு எந்தக் காலேஜ் பட்டம் குடுத்தது?"

பேச்சு வளர்ந்து பந்தயத்தில் முடிந்தது. தேறிவிட்டால் பேக்கரிக்காரர் மகளின் படிப்பைப் பற்றி இனி வாய் திறக்கக் கூடாது. தேறாவிட்டால் மகள் மூட்டை கட்டிக்கொண்டு வந்து கல்லாப்பெட்டியில் உட்கார வேண்டும். தராசுக்குக் கல்லாப்பெட்டி என்றால் எட்டிக்காய். பள்ளி விடுமுறையெல்லாம் அதன் பின்னால் உட்கார்ந்து, வெளியே மற்ற பிள்ளைகள் ஓடுவதைக் கண்ணாடி வழியாகப் பார்த்தே வளர்ந்தவள். ஓடுகிறவர்கள் பக்கத்தில் நிற்கத்தானே இந்தப் படிப்பையே எடுத்தாள்!

தேறுவது பேராசிரியை கையில் இருந்தது. எல்லாரும் அவரை மேடம் என்பார்கள். சிரித்ததே இல்லை. புகைப்படத்துக்குக்கூடச் சிரிக்கமாட்டார் என்று பேச்சு. அனுப்பும்போதே சொல்லிவிட்டார்: "அழகா ஒரு சார்ட் எழுதிச் சுவத்துல ஒட்டிட்டு வந்துடாதே. ஒட்டுறதுக்குப் பசை போதும், படிப்பு வேண்டாம். அந்த டீம் ஒரே ஒரு பழக்கத்தையாவது தானா மாத்திக்கணும். கடைசி வெள்ளிக்கிழமை வந்து பார்ப்பேன். மாத்தியிருந்தா பாஸ். இல்லேன்னா முதல்லேருந்து."

தராசு தண்ணீரைத் தேர்ந்தெடுத்தாள். இருக்கிற மலையிலேயே பெரிய மலையாகப் பார்த்துத் தலையால் முட்டுவது அவள் சுபாவம்.

"நிரூபிச்சுக் காட்டும்மா" என்றார் கோச், மீசையைத் தடவிக்கொண்டு. "அப்புறம் பார்க்கலாம்."

அதற்கு ஒரு எளிய வழி உண்டு. பயிற்சிக்கு முன்னால் ஒவ்வொருவரையும் எடை பார்க்க வேண்டும். முடிந்ததும் துண்டால் நன்றாகத் துடைத்துவிட்டு மறுபடி பார்க்க வேண்டும். நடுவில் தின்றதும் குடித்ததும் ஏதாவது இருந்தால் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். அப்புறம் எவ்வளவு குறைந்திருக்கிறதோ அவ்வளவும் வியர்வையாய்ப் போன தண்ணீர். இங்கேதான் தராசு சறுக்கினாள். இந்த மைதானத்தில் ஒரு சொட்டு உள்ளே போகாது என்பது உலகறிந்த விஷயம் ஆயிற்றே! அதனால் தின்றது குடித்தது என்ற இடத்தில் எல்லாருக்கும் கண்ணை மூடிக்கொண்டு பூஜ்யம் போட்டுவிட்டாள்.

பயிற்சி முடிந்தது. உடைமாற்றும் அறையில் ஒவ்வொருவனாக ஏறி இறங்கினான். முன்கள ஆட்டக்காரன் ஒரு கிலோ காலி. நடுக்களத்துக்காரன் அதற்கும் மேல். தராசின் முகம் பூரித்துக்கொண்டே போயிற்று. கடைசியில் கோல்கீப்பர் வந்தான். அவனுக்கு 'மதில்' என்று பெயர். அவன் கோல் முன்னால் நின்றால் பின்னால் உள்ள வலைக்கு வெயிலே படாது, அதனால் அந்த வலை மட்டும் வருஷக்கணக்காகச் சாயம் போகாமல் புதுசாகவே இருந்தது. அவன் ஏறினான். தராசு எண்ணைப் பார்த்தாள். இறங்கச் சொன்னாள். மறுபடி ஏறச் சொன்னாள். கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தாள்.

வரும்போது இருந்ததைவிட முந்நூறு கிராம் கூடுதல்.

கோச் எட்டிப் பார்த்தார். அடுத்த நொடி அவர் சிரித்த சிரிப்பில் அறையின் தகரக் கூரை ஒரு விரல்கடை மேலே எழும்பி உட்கார்ந்தது.

"டேய், எல்லாரும் இங்க வாங்கடா! உலகத்துலேயே முதல் தடவையா ஓடி ஓடி ஒருத்தன் வெயிட் போட்டிருக்கான்! ஏம்மா, இவன் வேர்வை உள்பக்கமா வழியுதா?"

அணி முழுக்க விழுந்து விழுந்து சிரித்தது. மதில் மட்டும் சிரிக்கவில்லை. அவன் தன் கையுறைப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி நின்றான்.

"வெள்ளிக்கிழமை உங்க மேடம் வரட்டும்" என்றார் கோச், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அவங்க முன்னாடி இன்னொரு தடவை இந்தக் கூத்தை நடத்து. இதே மாதிரி ஆச்சுன்னா மெஷினைத் தூக்கிட்டுக் கிளம்பிடணும், சரியா?"

அப்புறம் வழக்கம்போல் ஈரத்துண்டைத் தலையில் இறுகக் கட்டிக்கொண்டு, "தலைவலி மண்டையைப் பிளக்குது. போதாக்குறைக்கு அந்தக் கோல் கம்பத்துகிட்ட எறும்பு வேற. எத்தனை மருந்து போட்டாலும் படை படையா வருது" என்று முனகிக்கொண்டே போனார்.

தராசு எடை இயந்திரத்தை நேரே அப்பாவின் பேக்கரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள். பிரிக்காத மாவு மூட்டை ஒன்றை அதன்மேல் வைத்தாள். மூட்டையில் அச்சடித்திருந்த எடை அப்படியே வந்தது. சர்க்கரை மூட்டையும் அப்படியே. இயந்திரம் அரிச்சந்திரனுக்கு அண்ணன். பொய் வேறு எங்கேயோ இருந்தது.

அப்பா அவளை ஓரக்கண்ணால் பார்த்தார். "என்னம்மா, மூட்டைக்கும் டயட்டா?" என்றார். குரலில் வழக்கமான கேலி இருந்தது. கண் மட்டும் ஏனோ பின்வாசல் பக்கம் போய்ப் போய் வந்தது.

மறுநாள் பயிற்சிக்கு வெகு முன்னாலேயே அவள் மைதானத்துக்குப் போனாள். கோச் சொன்ன எறும்பு நினைவுக்கு வந்திருந்தது. புல்லைத் தின்ன எறும்பு வராது. கம்பத்தடியில் குனிந்து பார்த்தாள். ராணுவம் மாதிரி ஒரு வரிசை. அது கோல் வலையைச் சுற்றிக்கொண்டு நேரே வேலிக்குப் போயிற்று. வேலியில் விளம்பரப் பலகை கட்டியிருந்த இடத்தில், கீழே ஒரு கை நுழைகிற அளவுக்குக் கம்பி விலகியிருந்தது. எறும்புகள் அங்கே போய் மறைந்தன.

அவள் அங்கேயே குந்திக்கொண்டாள். சற்று நேரத்தில் அந்த ஓட்டை வழியாக ஒரு கை வந்தது. கையில் ஒரு பொட்டலம், உள்ளே வெதுவெதுப்பாகக் கிரீம் பன். அந்தக் கையை அவளுக்கு நன்றாகத் தெரியும். அடுப்புச் சூடு பட்டுப் பட்டு ஒரு முடிகூட முளைக்காத கை, சின்ன வயதில் அவளைப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப்போன கை.

அவள் சத்தமில்லாமல் பொட்டலத்தை வாங்கிக்கொண்டாள். கை மறைந்து, ஒரு பெரிய பாட்டில் பாலோடு மறுபடி வந்தது. பலகைக்கு அந்தப் பக்கத்திலிருந்து பாசம் சொட்டுகிற குரல்:

"மெதுவாத் தின்னுடா ராசா, விக்கிக்கப் போகுது. எம்பொண்ணு மட்டும் பார்த்தா நம்ம ரெண்டு பேரையும் தராசுல ஏத்திடுவா."

"ஏத்திட்டாப் போச்சு" என்றாள் தராசு.

கை அப்படியே உறைந்தது. பிறகு, ஏதோ வழிதவறி வந்துவிட்ட கை மாதிரி, விரல் விரலாகப் பின்வாங்கியது.

"அப்பா! கையை இழுத்துக்காதீங்க. எனக்குத் தெரியும் அது நீங்கதான்."

"நான் இல்லம்மா" என்றார் பேக்கரிக்காரர்.

அதே நேரத்துக்கு மதில் வந்து சேர்ந்தான். அவளையும் பொட்டலத்தையும் பார்த்தான். ஓடலாமா என்று ஒரு நொடி யோசித்தான். அவ்வளவு பெரிய உடம்பு எங்கே போய் ஒளிவது? தொப்பென்று புல்லில் உட்கார்ந்தான்.

"திட்டணும்னா திட்டிடு தராசு. ஆனா கோச்கிட்ட மட்டும் போய்ச் சொல்லாத."

"திட்ட வரல. மத்தியானம் என்ன சாப்பிட்ட?"

"வெள்ளரிக்காய்."

"அப்புறம்?"

"இன்னொரு வெள்ளரிக்காய்."

"காலையில?"

"டீ. சர்க்கரை போடாம." அவன் புல்லைப் பிடுங்கினான். "போன சீசன்ல ஒரு கோல் விட்டேன். கோச் எல்லார் முன்னாடியும் கேட்டாரு, 'நீ என்ன மதிலா, மதிலோட சேர்ந்த வீடாடா'ன்னு. பசங்க சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். அன்னையிலேருந்து சாப்பாட்டை விட்டுட்டேன். ஆனா சாயங்காலம் ஆனா பந்து ரெண்டாத் தெரியுது தராசு. ஒண்ணைப் பாய்ஞ்சு பிடிக்கிறேன், பார்த்தா நிஜப் பந்து வலைக்குள்ள கெடக்கு. ஒருநாள் இந்த வேலியில சாய்ஞ்சு நின்னுட்டிருந்தப்ப உங்கப்பாதான் பார்த்துட்டு ஒரு பன் குடுத்தாரு."

"ஒண்ணுதான் குடுத்தேன்" என்றது பலகை.

"அப்புறம் தினமும் குடுத்தாரு. கையுறைப் பையில வெச்சுக்கிட்டு, பந்து அந்தப் பக்கம் போறப்பல்லாம் திரும்பி நின்னு..."

தராசுக்கு எல்லாம் விளங்கியது. இயந்திரமும் பொய் சொல்லவில்லை, மதிலின் வியர்வையும் உள்பக்கமாக வழியவில்லை. அவள் போட்ட பூஜ்யம்தான் பொய். பட்டினி கிடக்கிறவன் ஒருவன் கண் முன்னால் நிற்க, அவனைக் கேட்காமலே பூஜ்யம் போட்டிருக்கிறாள். அவளுக்குக் காது நுனி சூடாயிற்று.

"இதைக் கோச்கிட்ட சொல்ல மாட்டேன். என்கிட்ட யாரு எதைச் சாப்பிட்டேன்னு சொன்னாலும் அது என்னோட நிக்கும். எங்க தொழில்ல அதுதான் முதல் பாடம்" என்றாள். "ஆனா ஒண்ணு. நாளையிலேருந்து வெள்ளரிக்காய்க்கு லீவு. காலையில முட்டையும் ரொட்டியும். மத்தியானம் வயிறு நிறையச் சோறு, பருப்பு, காய், மீன். பிராக்டிஸுக்குக் கொஞ்சம் முன்னாடி ஒரு பன். கிரீம் இல்லாம. ஒளிஞ்சு நின்னு இல்ல, பெஞ்சுல உக்காந்து."

"அவ்வளவு தின்னா ஊதிட மாட்டேனா?"

"நீ கோல்கீப்பர்டா, கொடிக்கம்பம் இல்ல. பாய்ஞ்சு விழுந்து எழுந்திருக்கிற உடம்பு அது. அதுக்கு எரிபொருள் வேணாமா? பட்டினி போட்ட வண்டி எங்க ஓடும்?"

பலகைக்குப் பின்னால் ஒரு பெருமூச்சு. "அப்ப நான் குடுத்த பன்னெல்லாம் தப்பாம்மா?"

"பன்னு மேல கோவம் இல்லப்பா. பன்னை மட்டுமே நம்பினதுலதான் கோவம். அதுவும் பிராக்டிஸ் நடுவுல கிரீமும் ஒரு பாட்டில் பாலும்! வயித்துல வெண்ணெய் கடைஞ்சிருக்கும்."

"அதான் குனியறப்பல்லாம் சளக் சளக்னுச்சு" என்றான் மதில், ஏதோ பெரிய மர்மம் துலங்கியவன்போல.

வெள்ளிக்கிழமை வந்தது. மேடமும் வந்தார். கையில் குடை, முகத்தில் இஸ்திரி போட்ட மாதிரி ஒரு அமைதி. கோச் அவருக்கு நாற்காலி போட்டு உட்காரவைத்துவிட்டு, கதையை முதலிலிருந்து நடித்தே காட்டினார். மதில் ஏறினது, எடை ஏறினது, தான் சிரித்தது எல்லாம்.

"ஏன் எடை கூடுச்சு?" என்று மேடம் தன் மாணவியைப் பார்த்தார்.

"என்னோட தப்பு மேடம். நடுவுல யாராவது ஏதாவது சாப்பிடுறாங்களான்னு கேக்காம விட்டுட்டேன்."

"யார் சாப்பிட்டா? என்ன சாப்பிட்டா?" கோச் பாய்ந்தார். மதில் நெற்றியில் முத்து முத்தாக வேர்த்தது. பயிற்சி இன்னும் தொடங்கவே இல்லை.

"அதைச் சொல்ல மாட்டேன் சார்."

"சொல்ல மாட்டியா? அப்ப மெஷின் ரிப்பேர்னு ஒத்துக்கோ. உங்க மேடமும் மன்னிச்சிடுவாங்க, எனக்கும் நேரம் மிச்சம்."

தராசு ஒரு நொடி தடுமாறினாள். ரிப்பேர் என்று சொன்னால் மதில் தப்பிப்பான். ஆனால் ரிப்பேர் இயந்திரத்தை வைத்துத் தண்ணீரை எப்படி நிரூபிப்பது? கண் முன்னால் கல்லாப்பெட்டி தன் மூடியைத் திறந்து, வா மகளே வா என்று சிரித்தது. அப்போது கோச் ஈரத்துண்டால் தன் பிடரியைத் துடைத்ததை அவள் பார்த்தாள். அவர் எல்லைக்கோட்டு ஓரமாக எல்லாரையும்விட அதிகம் ஓடுகிறவர், மூச்சுக்கு மூச்சு கத்துகிறவர், ஒரு சொட்டுக் குடிக்காதவர், தினமும் தலைவலியோடு வீட்டுக்குப் போகிறவர்.

"மெஷின் சரியாத்தான் இருக்கு. சந்தேகம்னா இன்னைக்கு நீங்களே ஏறுங்க சார்."

"நானா?" என்றார் கோச். பையன்கள் முன்னால் பின்வாங்க அவர் மீசை இடம் தரவில்லை. ஏறினார். அவருக்கு முன்னால் சாட்சிக்கு ஒரு மாவு மூட்டையும் ஏறியிருந்தது. பேக்கரிக்காரர் அதை வேலியைச் சுற்றித் தோளில் சுமந்து வந்து, "எம்மாவு பொய் சொல்லாதுங்க" என்று மேடமிடம் சத்தியம் செய்தார்.

பையன்களும் வரிசையாக ஏறி இறங்கினார்கள். பயிற்சி ஆரம்பித்தது. மேடம் வந்திருக்கிற வீம்பில் கோச் அன்று வழக்கத்தைவிட இரண்டு மடங்கு ஓடினார், நான்கு மடங்கு கத்தினார். அவர் கத்தலில் எல்லைக்கொடிகள் காற்றில்லாமலே படபடத்தன. பாதிப் பயிற்சி முடிந்ததும் தராசு நிறுத்தச் சொன்னாள். துண்டால் துடைத்து ஒவ்வொருவரையும் ஏற்றினாள். எல்லாருக்கும் குறைந்திருந்தது. மதிலுக்கும்தான். கடைசியில் கோச் ஏறினார்.

ஒன்றரைக் கிலோ காணோம். அணியிலேயே அதிகம் இழந்தவர் பந்தைத் தொடாதவர்.

"பொய்!" என்றார் கோச். மூட்டையை மறுபடி ஏற்றினார்கள். மூட்டை இருந்தபடியே இருந்தது. அது கத்தவில்லையே!

"சார், தினமும் கடைசியில உங்களுக்குத் தலைவலி வருதில்ல?" என்றாள் தராசு மெதுவாக. "கடைசி அரைமணி நேரம் பசங்களையெல்லாம் காய்ச்சி எடுப்பீங்களே, அது பசங்களால மட்டும் இல்ல சார். தாகம்."

"சார், எங்களுக்காக வேண்டாம். உங்களுக்காகவாவது குடிங்க சார்!" என்று பின்னாலிருந்து ஒருத்தன் கெஞ்சினான். "எங்க காதும் பொழைக்கும்!"

தராசு நீட்டிய தண்ணீர் பாட்டிலைக் கோச் பார்த்தார். மேடத்தைப் பார்த்தார். மெதுவாக மூடியைத் திருகினார். கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தார். தொண்டைக் குமிழ் ஏறி இறங்குவதை அணி முழுக்க வாயைப் பிளந்துகொண்டு பார்த்தது. பாட்டில் பாதியானதும் அவர் விசிலை எடுத்து ஊதி, "என்னடா வேடிக்கை? எல்லாரும் தண்ணி குடிங்கடா!" என்றார். பேருந்து நின்றிருக்கும்.

மீதிப் பயிற்சியை அந்த மைதானத்துப் புல்கூட மறக்காது. மதிலுக்குப் பந்து ஒன்றாகவே தெரிந்தது. இடப்பக்கம் பாய்ந்தான், வலப்பக்கம் பாய்ந்தான், ஒரு தடவை இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பாய்ந்தான் என்று பார்த்தவர்கள் சொல்கிறார்கள். ஒரு பந்துகூட உள்ளே போகவில்லை. கோச் கடைசி அரைமணியில் ஒருத்தனைத் 'தம்பி' என்று கூப்பிட்டார். கூப்பிடப்பட்டவன் பயந்துபோய்த் தடுக்கி விழுந்தான்.

விசில் அடங்கியதும் மதில் தானாகவே கோச் முன்னால் வந்து நின்றான்.

"சார், அன்னைக்கு வெயிட் ஏறினதுக்குக் காரணம் பன்னு. நான்தான் தின்னேன். கோல் கம்பத்துக்குப் பின்னாடி. தராசு எனக்காகத்தான் வாயைத் திறக்கல. நீங்க வீடுன்னு சொன்னதுலேருந்து பட்டினியா கெடந்தேன் சார்."

கோச் அவனை ஏற இறங்கப் பார்த்தார். அதற்கு ரொம்ப நேரம் பிடித்தது, ஏறுவதற்கும் இறங்குவதற்கும் அங்கே நிறைய இடம் இருந்ததே!

"அடப்பாவி. அப்ப அந்த எறும்பு?"

"கிரீமுக்கு வந்தது சார்."

"ஒரு சீசன் பூரா எறும்பு மருந்து போட்டேனேடா! மண்ணுல கோளாறுன்னு நினைச்சு ஒரு தடவை கம்பத்தையே புடுங்கி நட்டேனேடா!" அவர் குரல் எகிறி, பிறகு தணிந்தது. துண்டை எடுத்துக் கையில் முறுக்கினார். "வீடுன்னு சொன்னது... வாய்க்கு வந்ததைச் சொன்னேன்டா. அன்னைக்கு வெயில் வேற, தலைவலி வேற. நீ மதில்தான். நல்ல அகலமான மதில். இனிமே யார் எவ்வளவு தின்னணும்னு நான் வாயைத் திறக்க மாட்டேன். அதுக்குத்தான் தராசு இருக்கே."

மேடம் எழுந்து குடையை மடித்தார்.

"கேக்காம பூஜ்யம் போட்டதுக்கு மார்க் குறைப்பேன்" என்றார். தராசு தலையாட்டினாள். "கேட்டுத் தெரிஞ்சப்புறம் வாயை மூடிட்டு இருந்ததுக்கு, குறைச்சதைத் திருப்பிப் போடுறேன். டீம் ஒரு பழக்கத்தை மாத்தியிருக்கு. பாஸ்." வாசல் வரை போனவர் திரும்பி, "அந்த பன் எங்க கிடைக்கும்?" என்றார். அவர் உதட்டோரம் லேசாக அசைந்தது. சிரிப்பு என்று சிலர் அடித்துச் சொல்கிறார்கள், பல் வலி என்று சிலர்.

பேக்கரிக்காரர் பந்தயத்தில் தோற்றவர்போலவே இல்லை. அணிக்குப் பயிற்சிக்கு முன்னால் பன் கொடுக்கிற வேலை இப்போது அவருக்கு அதிகாரபூர்வமாக வந்துவிட்டது. வேலி ஓட்டையை அடைத்தாயிற்று. வாசல் வழியாகவே தட்டோடு வருகிறார்.

"கிரீம் இல்லாத பன்னும்மா இது. பன்னு இல்ல, பஞ்சு" என்று தினமும் முனகுகிறார்.

"படிப்பைப் பத்திப் பேச மாட்டேன்னு சொன்னீங்கல்ல?"

"படிப்பைப் பத்தி எங்க பேசுறேன்? பன்னைப் பத்திப் பேசுறேன்."

கால்பந்துக் கழகம் அவளைப் படிப்பு முடிந்ததும் தங்களிடமே வரச் சொல்லியிருக்கிறது. எடை இயந்திரம் உடைமாற்றும் அறையில் நிரந்தரமாகக் குடியேறிவிட்டது. அதில் தினமும் முதலில் ஏறுகிறவரும் கடைசியில் ஏறுகிறவரும் கோச்தான். இறங்கியதும் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, தங்கப் பதக்கம் வாங்கினவர் மாதிரி அணியைச் சுற்றிப் பார்ப்பார்.

"இன்னைக்கும் வேர்வையில நான்தான்டா ஃபர்ஸ்ட்! எங்க அந்தத் தண்ணி?"